மென்பொருள்: அறுதியாக வாங்குவதா, மாதா மாதம் கட்டுவதா?

கடை வாடகை, மின்சாரக் கட்டணம், தொலைபேசிக் கட்டணம், கடைப் பையன்களின் சம்பளம் என்று மாதக் கடைசியில் நாம் எழுதும் செலவுப் பட்டியலில் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. கணினி மென்பொருளுக்கான சந்தா என்பதே அது. பில் போடுவதற்கு ஒன்று, கணக்கு எழுதுவதற்கு ஒன்று, கடிதமும் விலைமனுவும் தயாரிப்பதற்கு ஒன்று, படம் வரைவதற்கு இன்னொன்று. தனித்தனியே பார்த்தால் மூவாயிரம், ஐயாயிரம் என்ற சிறிய தொகைகள்தான். வருடக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பவருக்குத்தான் அதன் கனம் விளங்கும்.

நான் சுயதொழில் செய்பவன். இருபது வருடங்களுக்கும் மேலாகப் பொதி லேபிள், பில் புத்தகம், திருமண அழைப்பிதழ், பெயர்ப் பலகை ஆகியவற்றை வடிவமைத்து அச்சகங்களுக்குக் கொடுத்து வருகிறேன். அத்துடன் சில சிறு வியாபாரிகளின் கணக்குகளையும் கணினியில் பார்த்துக் கொடுக்கிறேன். ஆகவே என் சொந்தப் பணத்தில் மென்பொருள் வாங்குபவனும் நான், "நானா, எதை எடுக்கலாம்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவனும் நான். கேட்பவர்களில் பெரும்பாலானோர் மாதத்துக்கு எவ்வளவு, மொத்தமாக எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறார்கள். பணம் கட்டுவதை நிறுத்தும் நாளில் என் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பெட்டியில் வந்த காலம்

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நம் நாட்டில் மென்பொருளை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு இருக்கவில்லை. சில நூறு ரூபாவுக்கு ஒரு சீடி வாங்கினால் எல்லாமே அதற்குள் இருக்கும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளுக்கும் பாதுகாப்பு வழங்குகிறது என்பதைக் கூட அநேகமானோர் அறிந்திருக்கவில்லை. முறையாக வாங்கியவர்கள் ஒரு பெட்டியை வாங்கினார்கள். உள்ளே ஒரு தட்டும் ஓர் இலக்கமும் இருக்கும். அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் கட்டத் தேவையில்லை.

அடோபி கம்பனி 2012இல் வெளியிட்ட சீ.எஸ்.6 தொகுதியில், அச்சு வேலை செய்பவர்களுக்கான 'டிசைன் ஸ்டான்டர்ட்' பெட்டியின் அமெரிக்க விலை 1,299 டொலர். அன்றைய மாற்று விகிதத்தில் அது ஒன்றரை இலட்சம் ரூபாவைத் தாண்டும். அடுத்த வருடம், 2013 மே மாதத்தில், இனிப் புதிய பதிப்புகள் பெட்டியில் வரா, சந்தா மூலம் மட்டுமே கிடைக்கும் என்று அந்தக் கம்பனி அறிவித்தது. வருட ஒப்பந்தத்தில் மாதம் 49.99 டொலர். பெட்டியின் விலையை இந்தத் தொகையால் பிரித்துப் பாருங்கள், 26 மாதங்கள் வரும். கட்டட வரைபடம் கீறுபவர்கள் பாவிக்கும் ஓட்டோகேட்டைத் தயாரிக்கும் ஓட்டோடெஸ்க் கம்பனியும் 2016இல் அறுதி விற்பனையை நிறுத்தியது. மைக்ரோசொப்ட் மட்டும் 2011இல் சந்தா முறையைத் தொடங்கிய பின்பும் பெட்டி முறையை முற்றாகக் கைவிடவில்லை.

சந்தா என்றாலே மோசடி என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒன்றரை இலட்சம் ரூபாவை முதலில் போட்டுத் தொழிலைத் தொடங்க எத்தனை இளைஞர்களால் முடியும்? ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாவோடு முதல் மாதமே முறையான மென்பொருளில் வேலை தொடங்கலாம் என்பது சிறிய விடயமல்ல. கள்ளச் சீடியை விட்டு வெளியே வருவதற்குப் பலருக்கு வழி செய்ததும் இந்த மாதக் கட்டணம்தான். கம்பனியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு தடவை விற்றுவிட்டுப் பத்து வருடத்துக்குத் திருத்தம் செய்து கொடுங்கள் என்றால் எந்த வியாபாரி ஒப்புக்கொள்வார்?

வருமானம் ரூபாவில், வாடகை டொலரில்

நமக்குரிய பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் டொலரில் உழைத்து டொலரில் கட்டுகிறார். நாம் ரூபாவில் உழைத்து டொலரில் கட்டுகிறோம். அவர்களுடைய வியாபாரச் சஞ்சிகைகளில் வரும் ஒப்பீடுகள் நமக்கு முழுமையாகப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

2021இன் இறுதியில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அடோபியின் முழுத் தொகுதிக்கு அக்காலத்தில் அமெரிக்க விலைப்படி மாதம் 52.99 டொலர். டொலர் 200ஆக இருந்தபோது 10,600 ரூபா. 360ஆனபோது 19,000 ரூபா. டொலர் ஏறியதால் மட்டுமே, நான்கைந்து மாதங்களுக்குள் என் போன்றவர்களின் மென்பொருள் வாடகை இரண்டு மடங்கை நெருங்கியது. அதே மாதங்களில் கடதாசி விலை ஏறி, அச்சகங்கள் வேலையில்லாமல் இருந்தன. லேபிள் அடிக்க வந்தவர்களும் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று திரும்பிப் போனார்கள். டீசலுக்கும் எரிவாயுவுக்கும் டொலர் தேடிக்கொண்டிருந்த வங்கிகள் அட்டை மூலமான வெளிநாட்டுக் கொடுப்பனவுகளுக்குக் கட்டுப்பாடு போட்டன. பணம் இருந்தும் கட்ட முடியாத நிலைமைக்குச் சிலர் ஆளானார்கள்.

பெட்டியில் வாங்கி வைத்திருந்தவரை இவற்றில் எதுவும் தொடவில்லை. அவருடைய மென்பொருள் பழையதுதான். ஆனால் 2022 மே மாதத்திலும் அது திறந்தது.

வட்டிக்குப் பயந்து கடனட்டையே வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் பற்று அட்டையில் கட்டலாம். ஆனால் கணக்கில் உரிய நாளில் பணம் இல்லாவிட்டால் மென்பொருள் பூட்டிக்கொள்ளும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பனிகள் இங்கே விற்கும் டிஜிட்டல் சேவைகளுக்கும் வற் வரி அறவிடுவதற்கு 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. 2025 ஒக்டோபரில் தொடங்க இருந்தது பிற்போடப்பட்டது. 2024 ஜனவரி முதல் உள்ள வற் வீதம் நூற்றுக்கு 18. அந்த வரி வாடகையின் தலையில்தான் ஏறும்.

கடை அல்ல, லொறி

"சொந்தக் கடை இருக்கும்போது வாடகைக் கடை எதற்கு?" என்று ஹாஜியார் ஒருவர் என்னிடம் வாதாடினார். புறக்கோட்டையில் கீ மணி கொடுத்துக் கடை பிடித்தவர்களுக்கு இந்த உதாரணம் இனிக்கும். ஆனால் மென்பொருளைக் கடையோடு ஒப்பிடுவது பிழை. கடையும் காணியும் வருடா வருடம் விலை ஏறும். மென்பொருள் வருடா வருடம் இறங்கும். அதை லொறியோடு ஒப்பிடுங்கள், கணக்குச் சரியாக வரும். தினமும் சாமான் ஏற்றுபவர் சொந்தமாக லொறி வாங்குவார். மாதத்தில் இரண்டு தடவை ஏற்றுபவர் ஹயருக்குப் பிடிப்பார். தினமும் ஏற்றுபவர் ஹயருக்குப் பிடித்துக்கொண்டிருப்பதும், இரண்டு தடவை ஏற்றுபவர் வாங்கி முற்றத்தில் நிறுத்தி வைப்பதும் ஒரே அளவு நட்டம்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மைக்ரோசொப்ட் 2024 ஒக்டோபரில் வெளியிட்ட 'ஒபிஸ் ஹோம் அன்ட் பிஸ்னஸ் 2024' ஒரே தடவைக்கு 249.99 டொலர், ஏறக்குறைய 75,000 ரூபா. வியாபாரிகளுக்கான சந்தாத் திட்டமான 'பிஸ்னஸ் ஸ்டான்டர்ட்' வருட ஒப்பந்தத்தில் மாதம் 12.50 டொலர் என்று நீண்ட காலம் விற்கப்பட்டது. இருபது மாதங்களில் இரண்டும் சமமாகிவிடும். ஐந்து வருடத்துக்குப் பார்த்தால் ஒரு பக்கம் 250, மறு பக்கம் 750 டொலர். ஆனால் சந்தாவுக்குள் உங்கள் கடைப் பெயரிலேயே மின்னஞ்சலும், ஒரு டெராபைட் சேமிப்பு இடமும் அடங்குகின்றன. அவை உங்களுக்கு வேண்டுமென்றால் 750 அதிகமல்ல. வெறும் கடிதமும் எக்செலும்தான் வேலை என்றால் 500 டொலரைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள்.

ஹயர் லொறியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. போட்டோஷொப்பை மட்டும் வருட ஒப்பந்தத்தில் எடுத்தால் மாதம் 22.99 டொலர், ஒப்பந்தமின்றி மாதத்துக்கு மாதம் எடுத்தால் 34.49 டொலர் என்ற விலையில் 2023 முதல் விற்கப்பட்டது. மலிவானது எது என்று யாரும் முதலாவதைத்தான் காட்டுவார்கள். ஆனால் 22.99ஐ 12ஆல் பெருக்கினாலும், 34.49ஐ 8ஆல் பெருக்கினாலும் விடை ஏறக்குறைய ஒன்றே, 276 டொலர். அதாவது வருடத்தில் எட்டு மாதங்களுக்குக் குறைவாகப் பாவிப்பவருக்கு விலை கூடிய திட்டமே மலிவு. 'மாதம் 22.99' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது உண்மையில் ஒரு வருட ஒப்பந்தம். இரண்டு வாரங்களுக்குப் பிறகு இடையில் நிறுத்தினால் மிச்ச மாதங்களின் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். இதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024 ஜூனில் அடோபிக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. கம்பனி குற்றச்சாட்டை மறுத்தது.

சாவி யாரிடம்?

எனக்குத் தெரிந்த ஹாட்வெயார் கடைக்காரர் ஒருவரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். பில் போடும் மென்பொருள் ஒன்றை உள்ளூரில் ஒருவரிடம் முழுப் பணமும் கொடுத்து அறுதியாகவே வாங்கினார். பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். இரண்டாவது வருடம் ஜனவரி முதலாம் திகதி காலையில் கடையைத் திறந்தால் கணினி பில் போடவில்லை. புதிய இலக்கம் கேட்டது. தொலைபேசி எடுத்தால், அது வருடாந்தப் பராமரிப்புக் கட்டணமாம். கட்டினால்தான் இலக்கம் வரும். பில் போடாவிட்டாலும் பரவாயில்லை, கைப் புத்தகத்தில் எழுதலாம். ஆனால் யார் எவ்வளவு கடன் என்ற முழு விபரமும் அதற்குள்ளே இருந்தது. கொத்தனார்களும் கொந்தராத்துக்காரர்களும் வாங்கிய பாக்கி அது. தன்னுடைய கடன் கணக்கைத் தானே பார்க்க, அவர் கேட்ட தொகையைக் கட்டினார்.

அறுதியாக வாங்கினேன் என்று அவர் நினைத்தது உண்மையில் வாடகைதான். சட்டத்தின் பார்வையில் எந்த மென்பொருளும் நமக்குச் சொந்தமாவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் வாங்குவது பாவிக்கும் அனுமதியை மட்டுமே. அந்த அனுமதிக்கு முடிவுத் திகதி உண்டா, இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

பெரிய கம்பனிகளிடமும் இதே பூட்டு இருக்கிறது. 2019 ஒக்டோபரில் அமெரிக்க அரசின் தடை உத்தரவைக் காரணம் காட்டி, வெனிசுவேலா நாட்டிலுள்ள அனைவரின் கணக்குகளையும் மூடப்போவதாக அடோபி அறிவித்தது. கோப்புகளை எடுத்துக்கொள்ள அம்மாதம் 28ஆம் திகதி வரை தவணை. பின்னர் அமெரிக்க அரசிடம் விசேட அனுமதி கிடைத்ததால் சேவை தொடர்ந்தது. ஆனால் அந்த மூன்று வாரங்கள் அங்குள்ள ஒரு சுயதொழிலாளிக்கு எப்படிக் கழிந்திருக்கும்? அயல் நாட்டிலும் நடந்தது. இன்டூயிட் கம்பனி தன் குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளை இந்தியாவில் 2023 ஜனவரியோடு நிறுத்தியது. ஒழுங்காகச் சந்தா கட்டியவர்களும் கணக்குகளை மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடம் தேடினார்கள். 2022 நவம்பரில் பென்டோன் நிற அட்டவணைகளுக்குத் தனிச் சந்தா என்று வந்தபோது, போட்டோஷொப்பில் திறந்த பழைய கோப்புகளில் அந்த நிறங்கள் கறுப்பாகத் தோன்றின. லேபிள் வேலை செய்பவனுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பது அத்தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். தேயிலைப் பக்கெட்டின் பச்சை, வாடிக்கையாளர் பத்து வருடமாகக் காப்பாற்றி வந்த பச்சை. அதைக் கறுப்பாக அடித்துக் கொடுக்க முடியுமா?

வாங்கியதும் ஒரு நாள் ஓயும்

மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் நாட்டுத் தமிழ் அச்சுத் தொழிலை நீண்ட காலம் தாங்கியவை பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும்தான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதற்குப் பிறகு அடோபி இன்டிசைனுக்கு மாறிவிட்டது. பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைன் சீ.எஸ்.6 வரை திறக்கலாம். பிந்திய பதிப்புகள் திறப்பதில்லை. மத்ரஸா மலர்களும், கடை விலைப்பட்டியல்களும், மஹல்லா அறிக்கைகளும் இப்படி எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் சீடியாகக் கிடக்கின்றன. எவரும் பூட்டவில்லை, எவரும் காசு கேட்கவில்லை. திறக்கும் கணினிதான் இல்லை.

பெட்டியில் வாங்கிய மென்பொருளும் புதிய கணினியில் ஏற்றும்போது கம்பனியின் சேர்வரிடம் அனுமதி கேட்கும். அந்தச் சேர்வர் ஓய்ந்தால்? 2013இல் அடோபியின் சீ.எஸ்.2க்கு இதுதான் நடந்தது. அப்போது வாங்கியவர்களுக்கு அனுமதி கேட்காத வேறொரு பதிப்பைக் கம்பனி கொடுத்தது. எல்லாக் கம்பனியும் அப்படிக் கொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. ஒபிஸ் 2016, 2019 ஆகியவற்றுக்கும் அதே நாள். ஒபிஸ் 2021க்கு 2026 ஒக்டோபர் 13. அந்தத் திகதிக்குப் பிறகும் அவை வேலை செய்யும். ஆனால் வைரஸுக்கு எதிரான திருத்தங்கள் வரமாட்டா. வங்கி வேலை பார்க்கும் கணினியில் அப்படி ஒன்றை வைத்திருப்பது புத்திசாலித்தனமல்ல.

இவை இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நம் வியாபாரிகள் பலருக்கும் தெரிந்த இந்தியத் தயாரிப்பான டேலி நீண்ட காலமாகப் பின்பற்றுவது அதைத்தான். அனுமதியை அறுதியாக வாங்கலாம். புதிய பதிப்பும் திருத்தங்களும் வேண்டுமென்றால் மட்டும் வருடாந்தக் கட்டணம். கட்டாவிட்டால் புதியது வராது, ஆனால் இருக்கும் கணக்கு திறக்கும். உள்ளூர்ப் பில் மென்பொருளுக்கும் இந்த நிபந்தனையைத்தான் நாம் கேட்க வேண்டும்.

நான் செய்வது

கணக்கும், கடன் விபரமும், வாடிக்கையாளர் பட்டியலும் இருக்கும் மென்பொருளை நான் அறுதியாகவே வாங்குவேன். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் நான்கு வருடத்துக்கு முந்திய கணக்கைக் கேட்டால், "சந்தா நின்றுவிட்டது" என்று பதில் சொல்ல முடியாது. கடிதம், விலைமனு போன்றவற்றுக்கு இலவசமான லிப்ரே ஒபிஸே எனக்குப் போதும். எக்செலில் சிக்கலான கோப்புகளை வங்கியோடும் கணக்காய்வாளரோடும் பரிமாறுபவர்களுக்கு அது சில இடங்களில் இடறும். அவர்கள் மைக்ரோசொப்ட் ஒபிஸையே வாங்கட்டும்.

வடிவமைப்பு மென்பொருளைத் தேவைப்படும் மாதத்துக்கு மட்டும் சந்தாவில் எடுக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளரின் கோப்பு வந்தால் அந்த மாதச் சந்தாவை விலைமனுவில் ஒரு செலவாகச் சேர்த்துவிடுவேன், ஹயர் லொறிக் கூலியைப் பில்லில் போடுவது போல. மற்ற நாட்களில் அபினிட்டியில் வேலை நடக்கிறது. அது முன்பு ஒரே தடவைக் கட்டணத்துக்கு விற்கப்பட்டது. 2024இல் கென்வா கம்பனி அதை வாங்கி, 2025 ஒக்டோபர் முதல் இலவசமாக்கியிருக்கிறது. இலவசம் எத்தனை நாளைக்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் முடிந்த ஒவ்வொரு வேலையையும் பீ.டி.எப். ஆகவும் சேமித்து வைக்கிறேன். பேஜ்மேக்கருக்காக ஒரு பழைய மடிக்கணினியும் இருக்கிறது, இணைய இணைப்பு கொடுக்காமல். வருடத்துக்கு நான்கைந்து தடவை அதற்கு வேலை வரும்.

அந்த ஹாட்வெயார் கடைக்காரர் பிறகு வேறொருவரிடம் பில் மென்பொருள் எடுத்தார். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். விலையில் பேரம் பேசவில்லை. கடன் விபரம், சரக்கு இருப்பு, பில் அனைத்தையும் எக்செல் கோப்பாக எந்த நேரமும் எடுக்க முடியுமா, வருடக் கட்டணம் கட்டாவிட்டால் எது நிற்கும், எது நிற்காது, கணினி பழுதாகிப் புதியது வாங்கினால் மாற்றித் தருவதற்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டோம். விற்பவர் எல்லாவற்றுக்கும் ஆம் என்றார். ஆம் என்று சொன்னதைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னபோது சற்று யோசித்தார். பின்பு எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்தார். கடைக்காரர் அதை லெமினேட் செய்து காசு மேசைக்குள் வைத்திருக்கிறார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடை மூடும் முன் அவருடைய மகன் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.